மணிச்சத்துக் குன்றிய நிலத்திற்கேற்ற நெல்

கொல்கத்தாவுக்கு மேற்கே பாங்குரா, புருலியா மாவட்டங்களின் செம்மண் நிலங்களில் இடப்படும் மணிச்சத்தில் பெரும்பகுதி இரும்பு, அலுமினியம் ஆகியவற்றுடன் பிணைந்து பயிருக்கு எட்டாமற் போகின்றது. மிகுதியாக உரம் வாங்க வகையற்ற உழவரே இதனால் பெரிதும் நலிவடைகின்றனர்.

பரிகாரம் பழைய நெல்லொன்றில் இருந்தது. வங்கத்தில் முன்பருவத்தில் விதைக்கப்பெறும் ஆவுஸ் இனத்தைச் சேர்ந்த காசலாத் என்னும் அந்நெல்லில் உள்ள ‘பிஸ்டால்-1’ என்னும் மரபணுவைப் பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய அறிஞரும் 2012-இல் அறிவித்தனர். அது மண்ணில் சத்தைப் பெருக்குவதன்று. நாற்றுப் பருவத்திலேயே வேரைச் செழிக்கச் செய்து, கூடுதலான மண்ணைத் துழாவச் செய்வது. எனவே எருவிடுதலைக் கைவிடலாகாது.

நவீன நெல்வகைகள் பலவற்றில் இம்மரபணு இல்லை. உரமிட்ட வயல்களில் தெரிந்தெடுக்கப்பட்டமையால் அக்குறை எவர் கண்ணிலும் படவில்லை போலும். இந்தோனேசியாவின் மேட்டுநில நெல்வகைகளில் கலப்பு முறையால் இது சேர்க்கப்பட்டுள்ளது.