மெட்டு ஒருத்தர், வரி ஒருத்தர்



போன மாசம் நம்ம பள்ளியில ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965) படம் போட்டாங்க இல்லையா? அதன் பாட்டுகளுக்கு ‘ராட்ஜர்ஸ் – ஹாமர்ஸ்டைன்’ என்று இரண்டு பேர் பெயர் சேர்ந்து வந்ததை எத்தனை பேர் கவனிச்சீங்க? மெட்டு ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். ஆனால் அதற்கு முன்னாலேயே ராட்ஜர்ஸுக்கு இருபது வருஷத்துக்கு மேல் வேறொரு ஜோடி இருந்தார். அவர் பெயர் லாரன்ஸ் ஹார்ட். அந்த ஜோடியைப் பற்றி எம்.ஜி.எம். நிறுவனம் 1948-ல் ஒரு படமே எடுத்தது. பெயர் ‘வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்’. எங்க மாமா பழைய ஆங்கிலப் படப் பைத்தியம். அவர் டிவிடி பெட்டியிலிருந்து அரைப் பரீட்சை லீவில் இதையும், இதே மாதிரி இன்னொன்றையும் பார்த்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். (எனக்கு ஒதுக்கியது ஒரே தாள், அதனால் எழுத்து பொடியாக இருந்தால் மன்னிக்கவும்.)

1940-களிலும் 50-களிலும் ஹாலிவுட்டில் பாட்டு எழுதினவங்க வாழ்க்கையை வரிசையாகப் படம் எடுத்தாங்க. காரணம் ரொம்ப எளிது. அந்தப் பாட்டுகள் எல்லார் வாயிலும் ஏற்கனவே இருந்தவை. உரிமையை வாங்கிவிட்டால் புதுசாகப் பாட்டு தேட வேண்டாம். கம்பெனியிலுள்ள பெரிய நட்சத்திரங்களை ஆளுக்கு ஒரு பாட்டு பாடவோ ஆடவோ விடலாம். கதை வெறும் நார்தான், பூ முழுக்கப் பாட்டு. ‘வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்’கில் ஜூடி கார்லண்ட், லீனா ஹார்ன், ஜீன் கெல்லி எல்லாரும் வந்து போகிறார்கள். ஜீன் கெல்லியும் வேரா எல்லனும் ஆடும் ஒரு நீளமான நடனம் இருக்கிறது. அதற்காக மட்டுமே படத்தைப் பார்க்கலாம்.

சரி, கதை? அங்கேதான் சிக்கல். இரண்டு பேர் உட்கார்ந்து பாட்டு எழுதுவதை எப்படிப் படம் பிடிப்பது? எழுதுவான், அடிப்பான், தண்ணி குடிப்பான், மறுபடி எழுதுவான். பார்க்கிறவன் எழுந்து போயிடுவான்! அதனால் எழுதுகிற வேலையைக் காட்டாமல் நட்பையும் காதலையும் சண்டையையும் காட்டுகிறார்கள்.

ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் சந்தித்தது 1919-ல். ராட்ஜர்ஸுக்கு அப்போது நம்ம பிளஸ் டூ அண்ணன்கள் வயசுதான். ஹார்ட் ஏழு வயது மூத்தவர். பெரும்பாலும் ராட்ஜர்ஸ் மெட்டை முதலில் போடுவார், ஹார்ட் அதற்குள் வார்த்தையை உட்கார வைப்பார். (பின்னால் ஹாமர்ஸ்டைனோடு இது தலைகீழ். வரி முதலில், மெட்டு பிறகு.) ராட்ஜர்ஸ் நேரம் தவறாதவர். ஹார்ட் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விடுவார். ஆனால் பிடித்து உட்கார வைத்துவிட்டால் கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் மளமளவென்று எழுதித் தள்ளிவிடுவாராம்.

ஹார்ட் ஐந்தடிக்கும் குறைவான உயரம். அவராக நடித்த மிக்கி ரூனியும் குள்ளம்தான். உயரம் குறைவு, விரும்பிய பெண் மறுத்துவிட்டாள், அதனால்தான் அவருக்குச் சோகம் என்று படம் சொல்கிறது. உண்மை அவ்வளவு சுலபமாக இல்லை. குடி அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவர் யாரை விரும்பினார் என்பதை அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிகள் திரையில் சொல்லவே விடாது. ஆகவே ஒரு பெண்ணை வைத்துக் கதை கட்டிவிட்டார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மனிதன் துக்கத்தை மாற்றி எழுதினால் அவன் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதே மாறிவிடுகிறது.

நடந்தது இதுதான். ஒரு புது நாடகத்துக்கு எழுத ஹார்ட்டுக்கு மனமில்லை, உடம்பும் சரியில்லை. ராட்ஜர்ஸ் ஹாமர்ஸ்டைனோடு சேர்ந்து அதைச் செய்தார். அதுதான் ‘ஓக்லஹாமா!’. 1943 மார்ச் 31-ல் மேடையேறி மகத்தான வெற்றி பெற்றது. அதே வருஷம் ராட்ஜர்ஸ் பழைய நண்பனை விடாமல் கூப்பிட்டு, இருவரின் பழைய நாடகம் ஒன்றைப் புதுப்பாட்டுகளோடு நவம்பர் 17-ல் மேடையேற்றினார். ஐந்தே நாளில், நவம்பர் 22-ல், ஹார்ட் நிமோனியாவில் இறந்துபோனார். வயது 48.

இன்னொரு படம் ‘த்ரீ லிட்டில் வேர்ட்ஸ்’ (1950). பெர்ட் கால்மர் வரி, ஹாரி ரூபி மெட்டு. கால்மராக ஃபிரெட் அஸ்டேர், ரூபியாக ரெட் ஸ்கெல்டன். நிஜக் கால்மர் மேடை நடனக்காரர். முழங்காலில் அடிபட்டு ஆட்டம் நின்றதால் பாட்டுப் பக்கம் வந்தவர். படத்தில் கால்மர் ஒரு நாடகம் எழுதுகிறார். அது தேறாது என்று ரூபி நினைக்கிறார். நேரே சொல்லத் தைரியமில்லாமல், பணம் போட வந்தவரிடம் ரகசியமாகப் போய்க் கலைத்துவிடுகிறார். விஷயம் தெரிந்ததும் ஜோடி உடைகிறது. ரூபியிடம் வார்த்தை கிடைக்காத ஒரு மெட்டு படம் முழுக்கச் சுத்திக்கொண்டே இருக்கும். கடைசியில்தான் கால்மர் அதற்கு வரி கண்டுபிடிக்கிறார். உண்மையில் அந்தப் பாட்டு 1930-லேயே வேறொரு படத்துக்காக எழுதியது! அந்த விஷயத்தில் படம் சுத்தப் புளுகு.

ஆனால் அந்தச் சண்டை புளுகாகத் தெரியவில்லை. பொறாமையால் வந்த சண்டை இல்லை, நல்லது செய்கிறேன் என்று முதுகுக்குப் பின்னால் செய்ததால் வந்தது. எனக்கு அது நல்லாவே தெரியும். ஆண்டு விழாப் பாட்டுக்கு நான் வரி, எங்க வகுப்பு நண்பன் ஒருத்தன் கீபோர்டில் மெட்டு. ரெண்டாவது சரணம் இழுக்கிறது என்று அவனிடம் சொல்லாமல் மிஸ்ஸிடம் சொல்லி எடுக்க வைத்தது நான்தான். பதினோரு நாளாகப் பேச்சு இல்லை.

டேய், இந்தத் தாள் ஒட்டியிருக்கிற சுவர் மியூசிக் ரூமுக்குப் போற வழியிலதான் இருக்கு, நீ படிக்காம போக முடியாது. அந்தச் சரணத்துக்கு உன் மெட்டு சரி. என் வரிதான் நீளம். ரெண்டு வார்த்தை குறைச்சு எழுதியிருக்கேன். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் அங்க இருப்பேன்.