கீரையோடு கொய்யா ஏன்?

கம்பைநல்லூர்ப் பக்கம் கீரை என்றால் கடைசல், பொரியல்தான். பழத்தோடு பச்சையாக எதற்கு?

கீரையின் இரும்புச்சத்தைக் குடல் எளிதில் உறிஞ்சாது. பழத்தின் வைட்டமின் சி, ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் ஆக்குகிறது. குடற்சுவர் உள்ளே விடுவது அதைத்தான். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி, ஆரஞ்சில் 50தான். சூடு பட்டால் வைட்டமின் சி சிதையும்; அதனால்தான் பச்சையாக.

எல்லாக் கீரையும் பச்சையாக ஆகாது; பாலக்கில் ஆக்சலேட் மிகுதி. புதினா, கொத்தமல்லி, வல்லாரை நல்லவை. இலங்கையில் வல்லாரையைப் பச்சையாகவே சம்பல் போடுகிறார்கள், அருமையான யோசனை! ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். கீரையின் கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். அதற்கு வறுத்த வேர்க்கடலை தூவுங்கள். உப்பு கடைசியில்தான், முந்தினால் இலை நீர்விட்டுத் துவளும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்: அதன் டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.