விடியாத வெள்ளிக்கிழமை

நாளை மாலை கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகின்றோம். லண்டன், ரொறன்ரோ, வன்கூவர், சிட்னி, சிங்கப்பூர், மீண்டும் கொழும்பு. மேற்கு நோக்கியே சென்று கிழக்குப் பக்கமாக வீடு திரும்பும் இப்பிரயாணத்தை என் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டேன் எனலாம். எங்கள் பாடசாலையிலிருந்த பூகோள உருண்டையில், பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, கறையான் அரித்த துவாரம் ஒன்று இருந்தது. விரலால் உலகை வலம் வரும்போதெல்லாம் அத்துவாரத்தில் விரல் தடுக்கும். ஒரு நாள் அவ்விடத்தை நேரிலே கடப்பேன் என்று அன்று சபதம் செய்துகொண்டேன். சபதம் நிறைவேற ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இடையிலே நானும் ஆசிரியனானேன். உலகத்தைக் காணாமலே உலகத்தைக் கற்பிப்பது எங்கள் தொழிலில் புதுமையன்று. ஆயினும், தங்கைமாரின் கலியாணம், பிள்ளைகளின் படிப்பு என்பவற்றோடு யுத்தமும் சேர்ந்துகொண்டது. 1996 இற்குப் பின் சில ஆண்டுகள், கொழும்பைக் காண்பதற்கே அனுமதி பெற்றுக் காங்கேசன்துறையிலே கப்பலேறித் திருகோணமலையில் இறங்கவேண்டியிருந்தது. அத்தகைய ஒருவன் உலகஞ் சுற்றக் கனவு கண்டதைக் கேட்டவர்கள் சிரித்ததில் குற்றமில்லை.

கொழும்புத் துறைமுகத்தருகே நடக்கும்போது நெல்லி பிளை என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரின் நினைவு வந்தது. உலகத்தை எண்பது நாட்களுக்குள் சுற்றி வரலாம் என்று அவர் தம் பத்திரிகை அலுவலகத்திற் சொன்னபோது, பெண் ஒருத்தி தனியே போதல் இயலாது, பெட்டிகளும் ஒரு டசின் வேண்டும் என்று தடுத்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின் திடீரென அழைத்து, நாளை மறுநாள் புறப்பட முடியுமா என்று கேட்டார்கள். 1889 நவம்பர் 14 ஆந் திகதி கையிலே ஒரே ஒரு பையுடன் கப்பலேறினார். அதன் அகலம் 16 அங்குலம், உயரம் 7. உடுத்திருந்தது ஒரே கவுன். பையில் இருந்தவற்றுள் அவரை மிகவும் வருத்தியது முகத்துக்குப் பூசும் களிம்புப் போத்தல்தானாம்! கொழும்பிலே அடுத்த கப்பலுக்காக ஐந்து நாட்கள் காத்துக் கிடந்தார். எனினும் 72 நாட்களில் உலகைச் சுற்றி முடித்தார்.

எங்கள் பைகளோ ஒவ்வொன்றும் 23 கிலோவை எட்டிவிட்டன. மிளகாய்த்தூள், ஒடியல்மா, பினாட்டு, பருத்தித்துறை வடை. இவற்றுள் எதனையும் விட்டுச்செல்ல என் மனைவி இணங்கவில்லை. ஊர் சிதறிக் கிடக்கும் திசையெல்லாம் போகின்றோம். வெறுங்கையோடு எப்படிப் போவது? அவுஸ்திரேலியச் சுங்கத்தில் உணவுப் பொருள்களை ஒளிக்காது அறிவிக்கவேண்டும் என்று நான் சொன்னதை மாத்திரம் ஏற்றுக்கொண்டாள்.

ஆனால் என் பையில் நான் கொண்டுபோவது ஒரு கடன். 1995 இல் ஒரு வகுப்பிலே மகெல்லனின் பிரயாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1519 இல் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. மகெல்லன் வழியிலே மாண்டார். 1522 இல் ‘விக்ரோரியா’ என்ற ஒரே கப்பல் உலகைச் சுற்றிக்கொண்டு பதினெட்டுப் பேருடன் மீண்டது. தாயகம் சேருமுன், உணவுக்காகக் கேப் வேர்ட் தீவிலே ஒதுங்கியபோது அவர்களுடைய கணக்கில் புதன்கிழமை, கரையிலோ வியாழக்கிழமை! நாள் தவறாது குறிப்பெழுதி வந்த பிகாபெற்றா திகைத்துப்போனார்.

பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், அந்த ஒரு நாள் எங்க போனது?”

அதற்குத் தெளிவான விடை அன்று என்னிடம் இல்லை. மணி அடித்தது எனக்கு வசதியாயிற்று. “அடுத்த பாடத்திலே சொல்லுகிறேன், இரு” என்றேன். அடுத்த பாடம் வரவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் முடிவில் வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையிலே தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. அவன் மீண்டும் என் வகுப்புக்கு வரவேயில்லை.

விடையைப் பின்னர் கற்றுக்கொண்டேன். சூரியனுடன் மேற்கே செல்பவனுக்கு ஒவ்வொரு பகலும் சிறிது நீளும். அந்நீட்சிகள் யாவும் சேர்ந்து, ஒரு சுற்று முடியும்போது ஓர் உதயம் குறைந்துவிடும். பின்வந்த மாணவர் பலருக்கு இதனைச் சொன்னேன். கேட்டவனுக்குச் சொல்லவில்லை. அவன் இன்று ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறான். விமான நிலையத்துக்குத் தானே வருவதாகக் கடிதம் எழுதியிருக்கிறான். அந்தக் கேள்வியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மறந்திருப்பானோ? மறந்திருந்தால் நான் எப்படி ஆரம்பிப்பது?

நேற்றிரவு பிரயாணச் சீட்டுகளை மனைவிக்கு விளக்கினேன். வன்கூவரில் வியாழக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன் விமானம் புறப்படும். சர்வதேசத் திகதிக்கோட்டைக் கடந்து, சிட்னியில் இறங்கும்போது சனிக்கிழமை காலை. நடுவிலே வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடியவே மாட்டாது. அவள் சீட்டை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். எத்தனையோ ஆண்டுகளாக, இடம்பெயர்ந்து கிடந்த நாட்களிலுங்கூட, வெள்ளிக்கிழமை விரதத்தைத் தவறவிடாதவள் அவள்.

“இஞ்சருங்கோ, அப்ப அந்த வெள்ளி விரதத்தை எப்ப பிடிக்கிறது?”

அதற்கும் என்னிடம் விடையில்லை. ரொறன்ரோவிலே அவனையே கேட்டுப் பார்ப்போம் என்றேன்.