கப்பலறைக்கும் அயல் உண்டு

காணி வாங்கப் புறப்படும் குடும்பத்தவர் காணியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. கிணற்றில் ஊறுவது நன்னீரோ உவர்நீரோ என்று பார்ப்பர். மாரி காலத்தில் ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமோ என்று விசாரிப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, அயலவர் எத்தகையோர் என்பதை நாலு பேரிடம் கேட்டறிவர். அயல் நன்றாயின் சிறு வீடும் சுகந்தரும். அயல் தீதாயின் மாளிகையும் துன்பமாகும். ஏழு நாள் வாழ்வதற்கென வாடகைக்கு எடுக்கும் கப்பலறைக்கும் இவ்விதி அப்படியே பொருந்தும். ஆயினும் உல்லாசக் கப்பலில் அறை எடுப்போருட் பலர் கட்டிலின் அகலத்தையும் பல்கணியின் அழகையும் படத்திற் பார்த்து மகிழ்கின்றனரேயன்றி, அந்த அறைக்கு மேலே என்ன, கீழே என்ன, அருகே என்ன என்று கேட்பதில்லை.

இது எம்மவர்க்குப் புறம்பான விஷயமன்று. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய எமது துறைகளுக்கு வந்ததைப் பலரும் அறிவர். அதனினும் முக்கியமாக, கனடாவில் வாழும் பிள்ளைகள் ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையரை வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலேற்றி மகிழ்விப்பதும் இன்று நிகழ்கிறது. அத்தகைய பிரயாணம் அநேகமாக ஆயுளில் ஒருமுறைதான் வாய்க்கும். பிள்ளை பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, “அம்மாவுக்கும் ஐயாவுக்கும் எல்லாவற்றிலும் உயரமான தளத்திலே, பல்கணியோடு கூடிய அறை” என்று ஆசையோடு எடுக்கிறான். அந்த அறையோ நீச்சற் குளத்துக்கு நேர் கீழே அமைந்துவிடுகிறது. பிள்ளையின் மனம் நோகுமென்று, ஏழு இரவும் உறங்காததைச் சொல்லாமலே பெற்றோர் ஊர் திரும்பிவிடுவர். பணம் குறைந்ததால் வரும் குறையன்று இது. பார்க்க வேண்டியதைப் பாராததால் வருவது.

அக்காலத்துக் கதை

கப்பலில் எந்தப் பக்கத்து அறை நன்று என்ற கேள்வி புதியதன்று. ஆங்கிலத்தில் ‘போஷ்’ என்றொரு சொல் உண்டு. ஆடம்பரமானது, உயர்குடிக்குரியது என்பது அதன் பொருள். சூயெஸ் கால்வாய் வழியாகக் கீழைத்தேசங்களுக்குப் பிரயாணம் செய்த துரைமார், வரும்போது கப்பலின் இடப்பக்கத்திலும் திரும்பிச் செல்லும்போது வலப்பக்கத்திலும் அறை கேட்டனர் என்றும், அதனைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துக்களே அச்சொல்லாயின என்றும் ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. அந்த எழுத்துக்கள் பொறித்த பிரயாணச் சீட்டு எதுவும் இன்றுவரை கிடைத்ததில்லை. ஆதலின் சொல்லாராய்ச்சியாளர் இக்கதையை ஏற்பதில்லை. கதை பொய்யாயினும் அதன் காரணம் மெய்யானதே. குளிர்சாதன வசதி இல்லாத அந்நாளில், கிழக்கு நோக்கி வரும் கப்பலின் வலப்பக்கம் தெற்கு வெயிலை நேரே வாங்கியது. இடப்பக்கம் நிழலில் இருந்தது. அக்காலப் பிரயாணி வெயிலை நோக்கி அறை தேடினான். இக்காலப் பிரயாணி நோக்க வேண்டியவை மூன்று: சத்தம், ஆட்டம், காட்சி.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

இக்காலத்து உல்லாசக் கப்பல் மிதக்கும் ஊர் போன்றது. அதனுள்ளே நாடக அரங்கும் நடனக்கூடமும் சமையற்கூடமும் நீச்சற் குளமும் இருக்கின்றன. சுவர்களும் தட்டுக்களும் பெரும்பாலும் உருக்கினாலானவை. எனவே மேல்தளத்தில் ஒரு கதிரையை இழுத்தாற் கீழறையில் அது இடிமுழக்கமாகக் கேட்கும். நீச்சற் குளத்தைச் சூழ்ந்துள்ள தளத்தை வைகறையிற் கழுவித் துடைத்துக் கதிரைகளை வரிசைப்படுத்துவது சிப்பந்திகளின் நாளாந்த வேலை. நித்திரை ஆழ்ந்திருக்கும் நேரமும் அதுவே. சமையற்கூடத்துக்குக் கீழே உள்ள அறையில் இரவு முழுவதும் தள்ளுவண்டிகளின் சில்லுச் சத்தம் கேட்கும். நடனக்கூடத்துக்கு மேலே உள்ள அறையிலோ நள்ளிரவு கடந்தும் மேளத்தின் அதிர்வு கட்டிலின் காலில் ஏறும்.

கப்பலின் முன்முனையை எம் கரையோர மக்கள் அணியம் என்பர். துறைமுகத்திற் கப்பலைப் பக்கவாட்டாகத் தள்ளுவதற்கென அணியத்தின் அடியிற் குறுக்குவாட்டில் விசிறிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. கப்பல் அதிகாலையில் துறையை அணுகும்போது இவை இயங்கத் தொடங்கினால், அணியத்தின் கீழ்த்தள அறைகளில் உள்ளோர் திடுக்கிட்டு எழுவர். நங்கூரச் சங்கிலி இறங்கும் ஓசையும் அவ்விடத்துக்கே உரியது. பின்முனையின் கீழ்த்தளங்களிற் கப்பலை உந்தும் பெருவிசிறிகளின் அதிர்வு உண்டு. கப்பலின் அடியிலே தொங்கும் மின்மோட்டரோடு விசிறியை இணைக்கும் முறை 1998 இல் ‘எலேஷன்’ என்னும் உல்லாசக் கப்பலில் முதன்முதலாகக் கையாளப்பட்டபின், அம்முறையிற் கட்டப்பட்ட கப்பல்களில் அவ்வதிர்வு பெரிதுங் குறைந்துள்ளது, முற்றாக நீங்கவில்லை.

மின்தூக்கிக்கு அருகே உள்ள அறை முதியோருக்கு வசதியென்று தோன்றும். ஆனால் அங்கே நள்ளிரவிலும் ஆட்கூட்டம் பேசிக்கொண்டு நிற்கும். நாலைந்து கதவுகள் தள்ளி எடுப்பின் நடையும் அதிகமாகாது, சத்தமும் சேராது. இரு அறைகளுக்கிடையே இணைப்புக் கதவு வைத்த அறைகளும் உண்டு. பேரப்பிள்ளைகள் பக்கத்து அறையில் இருப்பார்களாயின் அது பெரும் உதவி. முன்பின் அறியாதவர் இருப்பின் அவர்களது பேச்சும் தொலைக்காட்சியும் அக்கதவின் இடுக்கு வழியே எமது அறைக்குள் வந்துவிடும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் விதி மிக எளிதாகிறது. அறைகளுக்கு நடுவே அமைந்த அறையே அமைதியான அறை. மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் அறைகள், இரு மருங்கும் அறைகள் என்று இருப்பின், அயலவர் உறங்கும் நேரத்தில் நாமும் உறங்கலாம்.

ஆட்டமும் அமைதியே

கப்பலாட்டத்தால் வரும் தலைச்சுற்றும் வாந்தியும் நித்திரைக்குப் பகை. காற்றடிக்கும்போது கமுகமரத்தைப் பாருங்கள்: தலை ஆடும் அளவுக்கு அடி ஆடுவதில்லை. கப்பலும் அவ்வாறே, உயரச் செல்லச் செல்லப் பக்கவாட்டு ஆட்டம் பெருகும். பிள்ளைகள் விளையாடும் ஏற்றப்பலகையையும் எண்ணிப்பாருங்கள். இரு முனைகளும் ஏறி இறங்கினாலும் நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. கப்பலின் அணியமும் பின்முனையும் அலையில் ஏறி இறங்கும்போது நடுக்கப்பல் ஒப்பளவில் நிதானமாக இருக்கும். நீருக்கடியில் இரு பக்கமும் நீட்டப்படும் செட்டைகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க உதவும். முன்பின் ஆட்டத்தை அவை தடுக்கமாட்டா. ஆகவே, உடல் நலிந்தோருக்கும் கடல் ஒத்துக்கொள்ளாதோருக்கும் நடுக்கப்பலில், நடுத்தளத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ உள்ள அறையே உகந்தது. விலையுயர்ந்த உச்சித்தளம் அவர்களுக்கு வேண்டியதன்று.

காட்சி என்னும் மயக்கம்

அறைகள் பொதுவாக நான்கு வகை: யன்னலற்ற உள்ளறை, யன்னலுள்ள வெளியறை, பல்கணி அறை, பல கூடங்கள் கொண்ட சொகுசறை. 1984 இல் வெள்ளோட்டம் கண்ட ‘றோயல் பிரின்செஸ்’ என்னும் கப்பலில் பிரயாணிகளின் அறைகள் யாவும் வெளிப்புறம் நோக்கி அமைக்கப்பட்டன; அது அந்நாளிற் பெரிதும் பேசப்பட்டது. இன்று பல்கணி என்பது சாதாரணமாகிவிட்டது. ஆனால் பல்கணி என்ற சொல்லைக் கேட்டவுடனே கடலென்று நினைத்தலாகாது. 2009 இல் வந்த ‘ஒயாசிஸ் ஒவ் த சீஸ்’ போன்ற பெருங்கப்பல்களிற் சில பல்கணிகள் கப்பலின் உள்ளே அமைந்த பூங்காவையே நோக்குகின்றன. மரமும் செடியும் காண விரும்புவோர்க்கு அவை நல்லவை; கடலைக் காண வந்தவர் ஏமாறுவார்.

வெளியறைகளிலும் சில, உயிர்காப்புப் படகுகளின் பின்னே மறைந்திருக்கின்றன. தளப்படத்தில் இவை ‘காட்சி தடைப்பட்டவை’ என்று குறிக்கப்பட்டிருக்கும், விலையும் குறைவு. தடை சிறிதா முழுதா என்று கேட்டறிந்து எடுப்பின், சில சமயம் குறைந்த விலையில் நல்ல வெளிச்சம் கிடைக்கும். அணியத்தின் முகப்பில், மாலுமிகளின் கட்டளைத் தளத்துக்குக் கீழே, முன்னோக்கிய யன்னலுள்ள அறைகள் காட்சிக்கு நிகரற்றவை எனலாம். எனினும் இருளில் வழி பார்க்கும் மாலுமிகளின் கண்ணுக்கு இடையூறாகாதிருக்க, அவ்வறைகளில் இரவில் திரைச்சீலையை மூடிவைக்க வேண்டும். கீழ்த்தளத்து வட்ட யன்னல்களையோ, கடல் கொந்தளிக்கும்போது சிப்பந்திகள் வந்து உருக்கு மூடியால் அடைத்துவிடுவதும் உண்டு.

அலாஸ்கா வழியில்

வான்கூவரிலிருந்து வடக்கே செல்லும் கப்பல் நெடுந்தூரம் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட உட்கடல் வழியே செல்கிறது. அங்கே இரு பக்கமும் மலையும் காடுமாதலின் எப்பக்கத்து அறையும் நன்றே. நீரும் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கும் பிரயாணத்தில், போகும்போது ஒரு கரையும் திரும்பும்போது மறுகரையும் தெரியும். ஆகையாற் பக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. ஒருவழியாக வடக்கே சூவாட், விற்றியர் ஆகிய துறைகள் வரை செல்வோருக்கு மட்டும், திறந்த கடலிற் பெருநிலம் வலப்பக்கத்தில் தோன்றும் என்பது நினைவிலிருக்கட்டும். அங்கிருந்து தெற்கே வருவோருக்கு அது இடப்பக்கம்.

அவ்வழியின் மகுடம் கிளேசியர் குடா. 1794 இல் கப்டன் ஜோர்ஜ் வான்கூவரின் குழுவினர் அப்பக்கம் வந்தபோது குடா முழுவதும் பனிக்கட்டியால் நிறைந்து கிடந்தது. இன்றோ கடலைத் தொடும் பனியாறுகளைக் காணக் கப்பல் சுமார் 65 மைல் உள்ளே செல்ல வேண்டும். அக்குடாவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விடப்படுவதில்லை. ஆதலின் எல்லா அலாஸ்காக் கப்பல்களும் அங்கே செல்வதில்லை என்பதை ரிக்கற் எடுக்குமுன் விசாரித்தல் நன்று. மார்ஜரி பனியாற்றின் முன்னே கப்பல் மெல்லத் திரும்பி இரு பக்கத்தாருக்கும் காட்சியளிக்கும். பனிச்சுவர் வெடித்து நீரில் விழும் முழக்கத்தைப் பல்கணியிற் போர்வையோடு அமர்ந்து கேட்பது இன்பமே. ஆயினும் திறந்த மேல்தளத்தில் நின்றால் இரு கரையையும் முன்னேயுள்ள மலையையும் ஒருங்கே காணலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

ஜூன் மாதத்தில் அப்பகுதியில் விடியற்காலை நான்கு மணிக்கே சூரியன் உதித்துவிடும். மறைவதற்கு இரவு பத்து மணியாகும். யன்னலறை எடுப்போர் திரைச்சீலையை நன்கு இழுத்து மூடாவிடின் சத்தமின்றியே நித்திரை கெடும். உள்ளறையோ முற்றும் இருளானது. விலையும் குறைந்து, நித்திரையும் நிறைந்திருப்பதால் அதனை விரும்புவோர் பலர். முதியோர் இரவில் எழுந்தால் வழி தெரியாது தடுமாறாதிருக்க, ஒரு சிறு விளக்கைக் கையோடு கொண்டுசெல்லல் வேண்டும்.

எதனை விடலாம், எதனை விடலாகாது?

அமைதியும் காட்சியும் ஒரே அறையில், கைக்கெட்டும் விலையிற் கிடைக்குமாயின் பாக்கியமே. கிடையாதாயின் எதனை விடுவது? காட்சியை விடலாம் என்பதே எமது கருத்து. காட்சி கப்பலின் எல்லாத் தளங்களிலும் பொதுவாகக் கிடக்கிறது. காலையில் எழுந்து நடந்தால் எவரும் அதனைப் பெறலாம். நித்திரையையோ சொந்த அறையிலன்றி வேறெங்கும் பெற முடியாது. இரவெல்லாம் விழித்திருந்தவருக்குப் பனிமலையும் வெறும் வெண்கல்லாகவே தோன்றும்.

ஆகவே, அறையை எடுக்குமுன் கப்பலின் தளப்படத்தைக் கேட்டு வாங்கி, அதிற் குறித்த அறையின்மேல் விரலை வையுங்கள். மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல கப்பல்களில் 13 ஆம் தளம் என்று ஒன்று இல்லை. 12 க்கு அடுத்தது 14 ஆகவே இருக்கும். அறை இலக்கத்தில் ஒற்றை எண் எப்பக்கம், இரட்டை எண் எப்பக்கம் என்பதும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். கம்பனியே பின்னர் அறையைத் தெரிவுசெய்யும் மலிவுச் சீட்டை, நித்திரை மெலிந்தவர்களுக்காக எடுக்க வேண்டாம். நல்ல இடத்தில் அறை எடுத்தபின், “இலவசமாக உயர்ந்த அறைக்கு மாற்றித் தருகிறோம்” என்று வரும் அழைப்பையும் உடனே ஏற்க வேண்டாம். மாற்றும் அறை எங்கே என்று கேட்டு, அதன் அயலையும் பார்த்தபின் மறுமொழி சொல்லுங்கள்.

பெற்றோரை அனுப்பிவைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “எந்த அறை வேண்டும்?” என்று கேட்டால், “எதுவானாலும் போதும், பிள்ளை” என்றே அவர்கள் சொல்வார்கள். அந்த மறுமொழியோடு நின்றுவிடாமல், ஐயாவுக்கு இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, அம்மாவுக்கு பஸ்ஸிற் போனாலே தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். அவர்களுக்கு ஏற்ற அறை எதுவென்பதை அந்த விடைகளே காட்டிவிடும்.