காலேஜ் டீமுக்கு சொந்த ஸ்டேடியம் தேவையா? வாடகையும் கடிக்குது... வட்டியும் கடிக்குது!

பிலடெல்பியா: வாடகை வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பது, கடன் வாங்கியாவது சொந்தமா ஒரு வீடு கட்டிடலாம் என்று நம்ம ஊர் குடும்பங்கள் யோசிப்பது வழக்கம். அமெரிக்காவில் இதே கேள்வியில் பல்கலைக்கழகங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கே விஷயம் வீடு அல்ல, ஸ்டேடியம்!

கல்லூரி புட்பால் அணிக்கு சொந்தமாக புது ஸ்டேடியம் கட்டுவதா, அடுத்தவர் ஸ்டேடியத்தில் வாடகைக்கே ஆடுவதா என்பதுதான் சண்டை. இதில் பல கோடி டாலர் புரள்கிறது. மாணவர்கள் கட்டும் பணமும், பக்கத்துத் தெரு ஏழை ஜனங்களின் நிம்மதியும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இது வேற புட்பால்!

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் புட்பால் என்றால் நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை மாதிரி நீண்ட பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, முட்டி மோதும் ஆட்டம்.

அங்கே கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கே பெரிய ஊர்களில் ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள். மிச்சிகன், பென் ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களின் ஸ்டேடியங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆள் பிடிக்கும்.

ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் அந்த யோகம் இல்லை. நடுத்தர அணிகளுக்கு 15 ஆயிரம், 20 ஆயிரம் பேர் வந்தாலே பெரிய விஷயம். சொந்தமா, வாடகையா என்ற தலைவலி அவர்களுக்குத்தான்.

வருஷத்துக்கு 6 நாள்!

ஸ்டேடியக் கணக்கில் முக்கியமான எண் இதுதான். ஒரு கல்லூரி அணி சொந்த ஊரில் ஆடுவது வருஷத்துக்கு 6 அல்லது 7 ஆட்டம்தான். மீதி நாளெல்லாம் மைதானம் சும்மா கிடக்கும்.

ஒரு பேச்சுக்கு 10 கோடி டாலர் கடன் வாங்கிக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 5 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு வட்டி மட்டும் 50 லட்சம் டாலர். அதை 6 ஆட்டத்துக்குப் பிரித்தால், ஒரு ஆட்டத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது.

20 ஆயிரம் பேர் வந்தால் தலைக்கு 40 டாலருக்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசல் தனி. கரண்ட் பில், காவலாளி, புல் வெட்டுகிற கூலி எல்லாம் தனி.

வாடகைக்கு ஆடினால் இந்தச் சுமை கிடையாது. ஆனா அதிலும் சிக்கல் இருக்கிறது. ஆட்டம் எந்தத் தேதியில் என்பதை வீட்டுக்காரர் வசதியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். கார் பார்க்கிங், தீனிக்கடை, விளம்பரப் பலகை வருமானம் பெரும்பாலும் வீட்டுக்காரருக்கே போகும். ஒப்பந்தம் முடிந்தால் வாடகை ஏறும்.

டெம்பிள் கதை

பிலடெல்பியா நகரின் வடக்கே இருக்கிறது டெம்பிள் பல்கலைக்கழகம். அதன் புட்பால் அணி 2003-ம் வருஷத்தில் இருந்து நகரின் தெற்குக் கோடியில், ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணியின் லிங்கன் பைனான்ஷியல் ஸ்டேடியத்தில் வாடகைக்கு ஆடி வருகிறது. மாணவர்கள் ரயில் பிடித்துப் போய்த்தான் தங்கள் அணியின் 'சொந்த ஊர்' ஆட்டத்தைப் பார்க்கவேண்டும்.

அந்த ஸ்டேடியம் சுமார் 69 ஆயிரம் பேர் உட்காரும் இடம். சாதாரண நாளில் டெம்பிள் ஆட்டம் நடந்தால் பாதிக்கு மேல் காலி நாற்காலிதான்.

2015-ல் டெம்பிளுக்கு அடித்தது யோகம். பென் ஸ்டேட் அணியை 27-10 என்று சாய்த்தது. அக்டோபர் 31-ம் தேதி புகழ்பெற்ற நோட்ரடாம் அணியுடன் ஆடியபோது ஸ்டேடியமே நிரம்பி வழிந்தது. டெம்பிள் 20-24 என்று போராடித் தோற்றது.

அந்தச் சூடு ஆறுவதற்குள், 2016 பிப்ரவரியில் சொந்த ஸ்டேடியத்துக்கான ஆரம்ப ஆய்வுக்கு நிர்வாகக் குழு பச்சைக்கொடி காட்டியது. கல்லூரி வளாகத்திலேயே 35 ஆயிரம் இருக்கைகள், செலவு சுமார் 13 கோடி டாலர் என்று பேச்சு அடிபட்டது. வாடகை ஒப்பந்தம் முடியப்போகிற நேரம் அது. 'எத்தனை காலம் வாடகை கொடுப்பது' என்பதே நிர்வாகத்தின் வாதம்.

இத்தனைக்கும் இதே பல்கலைக்கழகம்தான் 2013 டிசம்பரில், காசு இல்லை, வசதி இல்லை என்று 7 விளையாட்டு அணிகளை மூடப்போவதாக அறிவித்தது. அதில் 2 படகு அணிகள் மட்டும் பிறகு தப்பிப் பிழைத்தன.

தெரு ஜனங்கள் கொதிப்பு

ஸ்டேடியத்துக்குக் குறித்த இடத்தைச் சுற்றி இருப்பது வரிசை வீடுகள். தலைமுறை தலைமுறையாக வாழும் கறுப்பின உழைக்கும் மக்கள். மாணவர்களுக்கு வாடகைக்கு விட ஆளாளுக்குக் கட்டிடம் கட்டியதில் ஏற்கனவே அந்தப் பகுதி மாறிக்கொண்டிருந்தது.

ஸ்டேடியம் வந்தால் வீட்டு வாசலில் கார் நிற்கும், குப்பை குவியும், குடித்துவிட்டுக் கூச்சல் போடுவார்கள், வாடகையும் வரியும் ஏறி கடைசியில் நாமே ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று அவர்கள் கொதித்தார்கள். மாணவர்களிலும் ஆசிரியர்களிலும் ஒரு பகுதியினர் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

2018 மார்ச்சில் பல்கலைக்கழகம் விளக்கக் கூட்டம் போட்டது. எதிர்ப்புக் கோஷம் காதைப் பிளந்ததால் கூட்டம் பாதியிலேயே முடிந்தது. அதன்பிறகு திட்டம் கிடப்பில் போனது. டெம்பிள் அணி 2025-லும் அதே வாடகை ஸ்டேடியத்தில்தான் ஆடியது.

வீடு திரும்பிய மின்னசோட்டா

சொந்த ஸ்டேடியம் கட்டி ஜெயித்தவர்களும் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழக அணி 1982-ல் வளாகத்தை விட்டுக் கிளம்பி, மெட்ரோடோம் என்ற கூரை போட்ட ஸ்டேடியத்துக்குக் குடிபோனது. அங்கே தொழில்முறை புட்பால் அணி, பேஸ்பால் அணி, இவர்கள் என மூன்று குடித்தனம்.

27 சீசன் கழித்து, 2009 செப்டம்பரில் வளாகத்திலேயே சொந்த ஸ்டேடியம் திறந்தது. செலவு 28 கோடியே 85 லட்சம் டாலர். சுமார் 50 ஆயிரம் இருக்கை.

இந்தப் பணத்தை எப்படிப் புரட்டினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கிட்டத்தட்ட பாதியை மாநில அரசு ஏற்றது. டி.சி.எப். வங்கி தன் பெயரை ஸ்டேடியத்துக்கு வைக்க 25 வருஷத்துக்கு 3.5 கோடி டாலர் கொடுத்தது. மீதிக்கு நன்கொடை, பார்க்கிங் வருமானம் என்று சேர்த்தார்கள். மாணவர்கள் தலையில் ஆண்டுக்கு 25 டாலர் கட்டணம் விழுந்தது.

அதோடு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. 2010 டிசம்பரில் பனி பாரம் தாங்காமல் மெட்ரோடோம் கூரை பொத்துக்கொண்டது. வைக்கிங்ஸ் அணி தன் ஆட்டம் ஒன்றை இந்தக் கல்லூரி ஸ்டேடியத்தில் ஆடியது. பிறகு தன் புது ஸ்டேடியம் எழும்பும் வரை 2014, 2015 என இரண்டு சீசன் முழுக்க இங்கேயே குடியிருந்தது. நேற்றைய குடித்தனக்காரர் இன்று வீட்டுக்காரர்!

கட்டியும் காற்றாடிய ஆக்ரான்

அதே 2009 செப்டம்பர். ஒகையோ மாநிலத்தின் ஆக்ரான் பல்கலைக்கழகமும் புது ஸ்டேடியம் திறந்தது. ஆக்ரான் என்பது டயர் கம்பெனிகளின் ஊர். அதனால் 1940-ல் கட்டிய பழைய ஸ்டேடியத்துக்குப் பெயரே 'ரப்பர் பவுல்'. அது வளாகத்தில் இருந்து தள்ளி இருந்தது, கட்டிடமும் பழசாகிவிட்டது. அதனால் வளாகத்தை ஒட்டியே சுமார் 6 கோடி டாலரில், 30 ஆயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம் எழும்பியது.

இடம் நல்ல இடம். கட்டிடம் புதுசு. ஆனா அணி? 2010, 2011, 2012 என்று மூன்று சீசன் வரிசையாக 12 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, 11 தோல்வி!

சில வருஷங்களில் சராசரி கூட்டம் 10 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. மூன்றில் இரண்டு நாற்காலி காலி. 2015-ல் பணத் தட்டுப்பாட்டில் பல்கலைக்கழகம் 200-க்கும் மேற்பட்ட வேலைகளை வெட்டியது. ஸ்டேடியக் கடன் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் வேலை போனவர் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் காலி ஸ்டேடியத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பூமிப் பிளவு மேலே கடன்

பெரிய பெயர் இருந்தால் தப்பிக்கலாமா? அதுவும் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் உலகப் புகழ் பெற்றது. அதன் ஸ்டேடியம் 1923-ல் கட்டியது. நிலநடுக்கம் வரக்கூடிய ஹேவர்டு பூமிப் பிளவு அதன் அடியிலேயே ஓடுகிறது. அதனால் பலப்படுத்தியே ஆகவேண்டிய கட்டாயம்.

32 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து 2012-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். பக்கத்தில் பயிற்சிக் கூடமும் கட்டியதால் மொத்தக் கடன் 40 கோடி டாலரைத் தாண்டியது.

பணக்கார ரசிகர்களுக்கு பல்லாண்டு கால இருக்கை உரிமையை விற்றே கடனை அடைத்துவிடலாம் என்பது திட்டம். நினைத்த அளவுக்கு விற்கவில்லை. 2013-ல் அணியும் 1 வெற்றி, 11 தோல்வி என்று கவிழ்ந்தது. கடைசியில் 2018-ல் கடனில் பாதிக்கு மேல் பல்கலைக்கழகமே பொறுப்பேற்க வேண்டியதாகிவிட்டது. ரசிகர் கட்டவேண்டிய பணம் பள்ளிக்கூடத்தின் தலையில் விழுந்தது.

இடித்துவிட்டு வாடகைக்குப் போன பிட்ஸ்பர்க்

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நேர் எதிர். 1925-ல் கட்டிய சொந்த ஸ்டேடியத்தில் 1999 நவம்பரில் கடைசி ஆட்டம் ஆடியது. பிறகு அதை இடித்துவிட்டு, அந்த இடத்தில் கூடைப்பந்து அரங்கம் கட்டியது. புட்பால் அணி 2001-ல் இருந்து ஸ்டீலர்ஸ் அணியின் ஸ்டேடியத்தில் ஆடுகிறது.

கடன் தொல்லை இல்லை. ஆனா மாணவர்கள் பஸ் ஏறிப் போகவேண்டும், காலி நாற்காலி பல்லைக் காட்டும். வளாகத்துக்குள் ஆட்டம் நடந்த காலத்தை நினைத்துப் பழைய மாணவர்கள் இன்னும் புலம்புவது உண்டு.

இப்போ புதுத் தலைவலி

முன்பெல்லாம் கல்லூரி வீரர்களுக்கு சம்பளம் கிடையாது. படிப்புச் செலவு, சாப்பாடு, தங்கும் இடத்தோடு சரி. 2025 ஜூனில் கோர்ட்டு ஒப்புதல் கொடுத்த சமரசத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இருக்கும் பணத்தை சிமெண்டில் போடுவதா, வீரர்களுக்குக் கொடுப்பதா என்பது புதுக் கேள்வி. வீரர்கள் நினைத்தால் வேறு கல்லூரிக்குத் தாவவும் இப்போது எளிது. நல்ல அணியை நம்பி ஸ்டேடியம் கட்டினால், திறப்பு விழா அன்று அந்த அணியே இருக்காது!

அப்படி இருந்தும் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகம் துணிந்து இறங்கியிருக்கிறது. டாம்பா நகரில் 1997-ல் இருந்து வாடகைக்கு ஆடிய அணிக்கு, 34 கோடி டாலர் மதிப்பில் 35 ஆயிரம் பேர் உட்காரும் வளாக ஸ்டேடியத்துக்கு 2023-ல் ஒப்புதல் கிடைத்தது. 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2027-ல் திறப்பு என்பது திட்டம். செலவில் பாதிக்கு மேல் கடன்.

அப்போ கட்டலாமா, கூடாதா?

இந்தக் கதைகளைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. புது ஸ்டேடியம் முதல் ஒன்றிரண்டு வருஷம் கூட்டத்தை இழுக்கும். வேடிக்கை பார்க்கவே ஜனம் வரும். அதற்குப் பிறகு வருவது அணி ஜெயித்தால் மட்டும்தான். ஸ்டேடியம் கூட்டத்தை உண்டாக்காது. ஏற்கனவே இருக்கிற கூட்டத்துக்கு நல்ல இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

அதனால் கட்டுவதற்கு முன்னால் கேட்கவேண்டியது மூன்றே கேள்வி.

ஒன்று, நல்ல வருஷத்துக் கூட்டத்தை விட்டுவிட்டு, தோற்ற வருஷத்தில் எத்தனை பேர் வந்தார்கள்? இருக்கைக் கணக்கை அதை வைத்துத்தான் போடவேண்டும். டெம்பிளுக்கு நோட்ரடாம் நாள் வருஷா வருஷம் வராது.

இரண்டு, நாற்காலி காலியாக இருந்தால் தவணையைக் கட்டப்போவது யார்? மின்னசோட்டாவில் ஆரம்பத்திலேயே கட்டணம், அரசுப் பங்கு, வங்கிப் பணம் என்று எழுதி வைத்தார்கள். பெர்க்லியில் பணக்கார ரசிகர் கட்டுவார் என்று நம்பினார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

மூன்று, பக்கத்துத் தெருக்காரருக்கு என்ன கிடைக்கும்? வருஷத்துக்கு 6 நாள் விற்கும் தீனியும் டீயும் அவருக்கு வாழ்வு தராது. பார்க்கிங், குப்பை, வாடகை உயர்வு பற்றி முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், கல் வைப்பதற்கு முன்பே திட்டம் கவிழும். அதற்கு டெம்பிளே சாட்சி.

மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் தாராளமாகக் கட்டலாம். பதில் இல்லாதவர்களுக்கு வாடகையே மேல். அணி தோற்றால் அடுத்த சீசனில் ஜெயித்துக்கொள்ளலாம். வட்டி மட்டும் ஒரு சீசனிலும் தோற்பதே இல்லை.