வயருக்கும் ஒரு கணக்கு உண்டு

இடம்பெயர்ந்த குடும்பம் புதிய இடத்திற்கு வந்ததும் முதலில் தேடுபவை கூரை, தண்ணீர், வெளிச்சம் ஆகிய மூன்றுமே. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் இடிந்தபோதும் இதுவே நடந்தது. உறவினர் வீட்டிலிருந்து ஒரு நீளமான வயரை இழுத்துக் கொட்டிலுக்கு வெளிச்சம் எடுக்கிறோம். பிறகு அதே வயரில் கேத்தல் ஏறுகிறது, இஸ்திரிக்கை ஏறுகிறது. அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று நாம் கேட்பதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பீலித் தண்ணீரும் மின்சாரமும்

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மேட்டு ஊற்றிலிருந்து குழாய் வழியாகப் பீலிக்குத் தண்ணீர் கொண்டுவருவதை நாம் அறிவோம். ஊற்று உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வரும். குழாய் ஒடுங்கியோ நீண்டோ இருந்தால் வரத்துக் குறையும். மின்சாரத்தில் அந்த உயரத்திற்கு ஒப்பானது வோல்ற்றளவு. தண்ணீரின் வரத்துக்கு ஒப்பானது ஓட்டம். இதை அம்பியரில் அளப்பர். குழாயின் ஒடுக்கத்திற்கு ஒப்பானது தடை. இதை ஓமில் அளப்பர்.

இம்மூன்றுக்கும் உள்ள உறவை ஜேர்மனியில் ஆசிரியராக இருந்த ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். வோல்ற்றளவை ஓட்டத்தால் வகுத்தால் தடை வரும். வோல்ற்றளவை ஓட்டத்தால் பெருக்கினால் வலு வரும். அதை வாற்றில் சொல்வர்.

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. ஒரு கேத்தல் 10 அம்பியர் எடுத்தால், அதன் தடை 230 ÷ 10 = 23 ஓம். அதன் வலு 230 × 10 = 2,300 வாற்று. 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் எடுக்கும் ஓட்டமோ ஏறக்குறைய 0.04 அம்பியர்தான். ஆகவே குமிழுக்குப் போதுமான வயர் கேத்தலுக்குப் போதும் என்று எண்ணுவது பெருந்தவறு.

மெல்லிய வயரில் போகும் நெருப்பு

வயருக்கும் தடை உண்டு. 1 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பியின் தடை ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 0.0172 ஓம். தடிப்புப் பாதியானால் தடை இரட்டிப்பாகும். கொட்டில் 50 மீற்றர் தூரத்தில் இருந்தால், ஓட்டம் போய்த் திரும்ப 100 மீற்றர் கம்பி வேண்டும். 0.5 சதுர மில்லிமீற்றர் வயரானால் அதன் தடை 3.44 ஓம்.

இதில் அந்தக் கேத்தலைக் கொளுவினால் மொத்தத் தடை 26.44 ஓம். ஓட்டம் 230 ÷ 26.44, அதாவது 8.7 அம்பியர். கேத்தலுக்குக் கிடைப்பது 200 வோல்ற்று மட்டுமே. மீதி 30 வோல்ற்று வயரிலேயே செலவாகிறது. 30 × 8.7 = 261 வாற்று வெப்பம் வயருக்குள் உண்டாகிறது. வயரைச் சுருட்டி வைத்திருந்தாலோ, அதன்மேல் சாக்கோ பாயோ கிடந்தாலோ வெப்பம் வெளியேற வழியில்லை. உறை உருகித் தீப்பற்றும். அதே தூரத்திற்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு சுமார் 65 வாற்றாகக் குறையும். ஓட்டம் இருமடங்கானால் வயரின் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

நீரிறைக்கும் மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது தொடங்கும்போது வழமையான ஓட்டத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். நீண்ட மெல்லிய வயரால் வோல்ற்றளவு குறைந்தால் மோட்டார் திணறிச் சுருள் எரியும். தோட்டக் கிணற்றுக்கு வயர் வாங்கமுன் தூரத்தை அளந்து, மோட்டாரின் தகட்டில் உள்ள அம்பியரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

சூரிய ஒளித் தகடு வைத்திருப்போருக்கும் ஒரு சொல். 60 வாற்றுக்கு 230 வோல்ற்றில் 0.26 அம்பியர் போதும். 12 வோல்ற்று பற்றரியிலோ 5 அம்பியர் வேண்டும். ஆகவே பற்றரி வயர் தடிப்பாகவும் குறுகியதாகவும் இருக்க வேண்டும்.

விக்டோரியாவிலிருந்து நமது வாசல்வரை

தூர இடங்களுக்கு மின்சாரத்தை உயர்ந்த வோல்ற்றளவில் அனுப்புவதும் இதே காரணத்தால்தான். 2,300 வாற்றை 2,300 வோல்ற்றில் அனுப்பினால் ஓட்டம் 1 அம்பியர்; 10 அம்பியரோடு பார்க்கையில் அதே கம்பியில் வெப்ப இழப்பு நூறிலொன்று. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் 210 மெகாவாற்று மின்சாரமும் இப்படித்தான் பயணம் செய்கிறது. அந்த நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனியா நகரும் சுற்றுவட்டார வயல்களும் நீரில் மூழ்கின. கமக்காரக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. மண்ணைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தைப் பயமின்றி அனுபவிக்க வேண்டும் என்பதே நமது ஆசை.

உயிரின் கணக்கு

ஈரமான உடலின் தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கக்கூடும். 230 ÷ 1,000 = 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். உயிரைப் பறிக்க இது போதும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இதற்காகத்தான் உள்ளது. ஆனால் மிகை ஓட்டத்தால் வயர் சூடாவதை அது தடுக்காது. அதைத் தடுப்பது உருகி. உருகி போனால் அந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பி முறுக்கிப் போடுவது, வீட்டுக் காவல்நாயைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது.

ஆகவே ஒவ்வொரு கருவியின் தகட்டிலும் உள்ள வாற்றைக் கூட்டி 230ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே வயரில் ஓடப்போகும் அம்பியர் தெரிந்துவிடும். அதற்கேற்ற வயரைத் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு போடுவியுங்கள். பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் இந்தக் கணக்கை அவர்களிடமே கேட்டு, குடும்பமாக இருந்து ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. ஒரு வீட்டை இழந்த நாம், இன்னொன்றை வயரால் இழக்க வேண்டாம்.