பின்னல் ஒயருக்கு எந்த வெல்டிங்?

பெரியதாழையில் எங்கள் வள்ளத்தில் பேட்டரியிலிருந்து லைட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் போகிற பின்னல் ஒயர் ஒருநாள் அறுந்துபோனது. "ஏல, டிப்ளமா படிக்கிறவன்தான, நீயே ஒட்டிக் குடு" என்றார் அப்பா. வீட்டில் முதலில் படிக்க வந்தவன் என்ற மிடுக்கோடு ஈயம் வைத்துக் கொடுத்தேன். மூன்றாவது வாரம், ராத்திரி, நடுக்கடலில் மறுபடியும் அறுந்தது. அதுவும் ஒட்டிய இடத்தில் இல்லை, ஒரு விரற்கடை தள்ளி! மணப்பாடு கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்தைக் குறிவைத்துத்தான் கரை சேர்ந்தார்கள். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏன் அறுந்தது? திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறிவிடும். ஏறிய தூரம்வரை ஒயர் குச்சிபோல விறைத்துவிடும். அதற்கப்பால் எப்போதும்போல வளையும். எஞ்சின் அதிர்வு முழுவதும் அந்த எல்லையில்தான் விழும். இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். போதாததற்கு நான் ஆசிட் பிளக்ஸ் போட்டிருந்தேன். தகர வேலைக்கு அது சரி. ஒயருக்குள் மிச்சம் தங்கினால் செம்பை அரித்துவிடும். உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, வெல்டிங் வைத்தால்? செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆர்க்கோ கேஸோ பிடித்தால் மயிரிழை போன்ற கம்பிகள் பொசுங்கிவிடும், மேலுறையும் போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகட்டை ஒட்டுகிற ஸ்பாட் வெல்டிங்கும் செம்பிடம் எளிதில் பலிக்காது. மின்தடை இருந்தால்தானே சூடு பிறக்கும்? செம்புக்குத் தடை குறைவு. பிறந்த சூட்டையும் உடனே கடத்திவிடும். அதனால் டங்ஸ்டன் அல்லது மாலிப்டினம் எலக்ட்ரோடையே சூடாக்கி, இழைகளை அழுத்திக் கட்டியாக்குகிறார்கள்.

என்னைக் கவர்ந்தது அல்ட்ராசோனிக் வெல்டிங்தான். இழைகளை அழுத்திப் பிடித்து வினாடிக்கு சுமார் 20,000 தடவை அதிர வைக்கிறார்கள். உரசலில் மேலேயுள்ள ஆக்ஸைடு உரிந்து, செம்பும் செம்பும் நேராகப் பிணைந்துவிடும். உருகுவதே இல்லை. ஈயமும் வேண்டாம், பிளக்ஸும் வேண்டாம். கார்களுக்கு ஒயரிங் செய்கிற தொழிற்சாலைகளில் இந்த முறை உண்டு. மெஷின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

ஆகவே வள்ளத்துக்கு வெல்டிங்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், அளவான ஸ்லீவ், சரியான பிளையரில் ஒரே அமுக்கு. மேலே உள்பக்கம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். பக்கத்திலேயே ஒரு கிளிப் போட்டு ஒயர் ஆடாமல் கட்டிவிட்டேன். அப்பா இப்போதும் ஒருதரம் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுகிறார்.